இருபது பார் மெஷினில் பால் பொங்கிய கதை

தனியாக இருக்கிற ஆளிடம் விளம்பரம் எடுபடுவதுபோல வேறு யாரிடமும் எடுபடாது. விளம்பரத்தில் வருகிறவர்கள் நம் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள் அல்லவா. வீட்டில் நம் முகத்தைப் பார்த்துப் பேச வேறு ஆள் இல்லாதபோது, அவர்கள் எதைச் சொன்னாலும் 'அதுவும் சரிதானே' என்று தோன்றிவிடுகிறது. அப்படித்தான் அரூரில் போர்வெல் மோட்டார் விற்கிறவனும், காபியைவிட டீயையே அதிகம் குடிக்கிறவனுமாகிய நான், சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு எஸ்பிரெஸோ காபி மெஷினுக்குச் சொந்தக்காரன் ஆனேன்.

அப்போது என் மனைவி வசந்தா காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. நான் வாய் ஓயாமல் பேசுகிறவன். "உங்கள மோட்டார் ரூமுல வெச்சுப் பூட்டுனாலும் அந்த மோட்டார்கிட்டப் பேசிப் பதிலும் வாங்கிட்டுதான் வெளிய வருவீங்க" என்று வசந்தா சொல்வாள். அவள் போன பிறகு என் பேச்செல்லாம் கடைக்கு வருகிற விவசாயிகளிடமும், டீக்கடை முனுசாமியிடமும்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு மட்டும் நான் வீட்டில் இருக்கமாட்டேன். கடையை முன்னதாகவே பூட்டிவிட்டு முனுசாமியின் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வேன். (முனுசாமி மாஸ்டரைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: "அண்ணனுக்கு டீ ஒன்னு, பேச்சு ரெண்டு." கடையில் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வேறென்ன செய்ய.)

எங்களுக்கு ஒரே மகள், நித்யா. பெங்களூரில் வேலை. மாப்பிள்ளை பிரவீணும் அங்கேதான். மாதம் ஒரு சனிக்கிழமை இருவரும் காரில் வருவார்கள். காலையில் வந்தால் மத்தியானச் சாப்பாடு முடித்து நாலு மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். வசந்தா போன பிறகு ஒரு நாள்கூட ராத்திரி தங்கியதில்லை.

"இருந்துட்டு நாளைக்குப் போலாமேம்மா."

"இல்லப்பா, தல வலிக்குது. அங்க எங்க காபி குடிச்சாதான் எனக்குச் சரியாகும்."

'எங்க காபி' என்று அவள் சொன்னது பெங்களூரில் அவர்கள் வீட்டில் மெஷினில் போடுகிற காபியை. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் என்னென்னவோ கணக்குப் போட்டேன். தலைவலிதான் மகளைக் கூட்டிக்கொண்டு போகிறது, தலைவலிக்கு மருந்து அந்தக் காபி, அந்தக் காபி இங்கேயே கிடைத்துவிட்டால் மகள் ஒரு ராத்திரி தங்குவாள். எனக்கு வேண்டியது அந்த ஒரு ராத்திரிதான். காலையில் எழுந்து வரும்போது ஹாலில் யாராவது தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

அடுத்த முறை அவர்கள் வருவதற்குள் மெஷின் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். அங்கேதான் வந்தது வினை. காபி மெஷினைத் தேர்ந்தெடுப்பது ஒரு கடல். செல்போனில் 'வீட்டுக்கு ஏற்ற முதல் காபி மெஷின் எது' என்று ஒரு முறைதான் தேடினேன். அதற்குப் பிறகு அந்த செல்போன் எனக்கு வேறு எதையுமே காட்டவில்லை. தாடி வைத்த பையன்கள் வரிசையாக வந்தார்கள். ஒருவன் மெஷின் முக்கியமில்லை, காபிக்கொட்டை அரைக்கிற கிரைண்டர்தான் முக்கியம் என்றான். இன்னொருவன் தூள் போடுகிற கைப்பிடிக் கிண்ணம் அகலமாக இருக்கவேண்டும் என்றான். மூன்றாமவன், புதிதாகப் பழகுகிறவர்கள் எதை வாங்கினாலும் ஒன்றுதான், எப்படியும் கெடுக்கத்தான் போகிறார்கள் என்றான். (அவன் ஒருவன்தான் என்னைச் சரியாகப் புரிந்துகொண்டவன்.) ராத்திரி சாப்பிடும்போது செல்போனைச் சாம்பார்க் கிண்ணத்தின் மேல் சாய்த்து வைத்துக்கொள்வேன். அந்தப் பையன்கள் பேசிக்கொண்டிருக்க நான் சாப்பிடுவேன். பாதி புரியாது. ஆனாலும் ஒரு மனிதக் குரல் கூடவே இருந்து சாப்பிட்டது மாதிரி இருக்கும்.

வாங்கினவர்கள் எழுதியிருந்த விமர்சனங்களையும் ஒன்று விடாமல் படித்தேன். யாரோ ஒருவர், 'மனைவிக்காக வாங்கினேன், அவளுக்குப் பிடித்திருக்கிறது' என்று மட்டும் எழுதியிருந்தார். அதற்குக் கீழே, இந்த விமர்சனம் உங்களுக்குப் பயன்பட்டதா என்று கேட்டிருந்தது. 'ஆம்' என்று அழுத்தினேன்.

கடைசியில் எனக்குப் புரிந்த மொழியில் ஒரு சங்கதி கிடைத்தது. பார். அதாவது பம்பின் அழுத்தம். காபி மெஷினுக்குள் ஒரு சின்னப் பம்பு இருக்கிறதாம். அதுதான் தண்ணீரைத் தள்ளுகிறதாம். எனக்கு உயிர் வந்தது. பம்புக்குள்தானே என் பிழைப்பே இருக்கிறது. ஒரு பார் என்றால் தண்ணீர் முப்பத்துமூன்று அடி ஏறும். பதினைந்து பார் மெஷின் என்றால் ஐந்நூறு அடிக்குத் தள்ளும். எங்கள் பக்கம் இப்போது ஆயிரம் அடிக்குப் போர் போட்டும் ஈரமண்தான் வருகிறது, ஐந்நூறு அடியெல்லாம் எந்த மூலைக்கு? இருபது பார் மெஷின்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். காபிக்கு ஒன்பது பாரே போதும் என்று அந்தத் தாடிப் பையன்கள் எல்லாருமே சொன்னார்கள். விவசாயிகள்கூடத்தான் மூணு ஹெச்.பி. போதும் என்பார்கள், நான் ஐந்து ஹெச்.பி. விற்று அனுப்புவேன். அந்தப் பழக்கம் என்னை நானே ஏமாற்றிக்கொள்வதற்கும் உதவியது.

வாங்குவதற்கு முன் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தது.

"ஏம்மா, இந்தப் பம்பு எத்தன ஹெச்.பி.?"

"ஹெச்.பி. இல்லைங்க சார், வாட்ஸ்ல இருக்கும்."

"காப்பர் வைண்டிங்தானே? அலுமினியம்னா எனக்கு வேணாம்."

"சார், காபி நல்லா வரும் சார்."

"வோல்டேஜ் கம்மியானா? எங்கூர்ல சாயந்தரமானா லைட்டு மினுக்குன்னுதான் எரியும்."

"ஸ்டெபிலைசர் வெச்சுக்கோங்க சார். வேற ஏதாவது உதவி வேணுங்களா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு அரூர் வோல்டேஜைப் பற்றியும், மகள் வரப்போவதைப் பற்றியும் அந்தப் பெண்ணிடம் பேசிக்கொண்டே இருந்தேன். அது மூன்று முறை நன்றி சொன்னது. நல்ல பெண். கடைசிவரை போனை வைக்கவில்லை. நான்தான் வைத்தேன், வாசலில் ஆள் வந்துவிட்டதால்.

மெஷின் வந்தது. பளபளவென்று, கழுத்தில்லாத கோழி மாதிரி. சமையலறையில் அதற்கேற்ற பிளக் இல்லாததால் ஹாலில் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தேன். மேஜைக்கு நேர் மேலே சுவரில் வசந்தாவின் படம் மாட்டியிருந்தது. பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்கா வந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தது.

"இன்னாங்கண்ணா இது, மாவு மிசினா?"

"காபி மிசினுக்கா. நித்யாவுக்கு."

"ஒரு டம்ளர் காபிக்கு இம்மாம் பெரிய சாமானா? நம்ம வூட்டு அடுப்பு அழுதுரும் போ."

கூடவே ஒரு புத்தகம் வந்திருந்தது. மெஷினை எப்படி இயக்கவேண்டும், எதைச் செய்யக்கூடாது என்று எழுதிய புத்தகம். நான் மோட்டார் விற்கிறவன். என்னைப் பொறுத்தவரை, அப்படிப்பட்ட புத்தகம் என்பது பெட்டிக்குள் மோட்டார் ஆடாமல் இருப்பதற்காகச் சொருகி வைக்கிற காகிதம். பிரித்துப் பார்க்கவில்லை.

இனி நடந்ததற்கு நீங்கள் என்னைத் திட்டுவதற்கு முன் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் முதலில் பால்தான். புது அடுப்பு வாங்கியபோது வசந்தா பால் காய்ச்சிப் பொங்கவிட்டாள். அதை எல்லாரும் செய்வார்கள். வசந்தா அதோடு நிற்கமாட்டாள். ஃபிரிட்ஜ் வந்தபோது முதலில் உள்ளே போனது ஒரு டம்ளர் பால். மிக்ஸி வந்தபோது பாலை ஊற்றி ஒரு சுற்று ஓட்டிவிட்டுத்தான் தேங்காய், மிளகாய் எல்லாம். வாஷிங் மெஷினுக்கு மட்டும் மூடிமேல் ஒரு சொட்டு வைத்து விட்டுவிட்டாள். அவள் இல்லாமல் இந்த வீட்டுக்கு வந்த முதல் புதுச்சாமான் இந்த மெஷின். பாலில்லாமல் அதைத் தொடங்க எனக்கு மனசு வரவில்லை.

சரி, பாலை எங்கே ஊற்றுவது? மெஷினின் முதுகில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. என் தொழில் அறிவு உதவிக்கு ஓடிவந்தது. அந்தக் காலத்துக் கிணற்றுப் பம்புசெட்டில் தண்ணீர் பிடிக்கவில்லை என்றால், மேலே மூடியைத் திறந்து சாணியைக் கரைத்து ஊற்றுவோம். பம்பு தானாகப் பிடித்துக்கொள்ளும். சாணியைக் குடித்துவிட்டு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிய பம்புகளைப் பார்த்தவன் நான். பால் என்ன செய்துவிடும்?

சனிக்கிழமை நித்யாவும் பிரவீணும் வந்தார்கள். மெஷினைப் பார்த்ததும் நித்யா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"எதுக்குப்பா இதெல்லாம்? நீங்க காபியே குடிக்க மாட்டீங்களே."

"உனக்குத்தான். இனிமே தலவலி வராது."

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. சந்தோஷத்தில்தான் என்று நினைத்துக்கொண்டேன். உடனே காபி போட்டுக் காட்டவும் முடியவில்லை. காலையில் ராகு காலம். மத்தியானம் எமகண்டம், மூன்று மணிக்குத்தான் முடிந்தது. அதற்குள் மெஷினுக்குச் சாமந்தி மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தையும் அடியில் வைத்துவிட்டேன். செல்லம்மா அக்காவும் வந்து நின்றது. மாப்பிள்ளை கைகட்டி நின்றார், வெளிர் நிறச் சட்டை, வெளிர் நிறப் பேன்ட். நாலு மணிக்குக் கிளம்புகிறவர்கள் மாற்றுத்துணி கொண்டுவருவதில்லை. இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

நித்யா சமையலறையில் டம்ளர் எடுக்கப் போயிருந்த நேரத்தில் நான் தொட்டியில் பாலை நிரப்பிவிட்டேன். பார்த்திருந்தால் தடுத்திருப்பாள். சூடத்தைக் காட்டி, ஸ்டெபிலைசரைப் போட்டு, பட்டனை அழுத்தினேன்.

முதலில் அது அழகாகத்தான் நடந்தது. மெஷின் உறுமியது. கீழே வைத்திருந்த டம்ளரில் சூடான பால் நுரைத்து விழுந்தது. டம்ளர் நிறைந்து, நுரை விளிம்பைத் தாண்டி வழிந்தது.

"பொங்கிருச்சுங்கண்ணா, பொங்கிருச்சு" என்றது செல்லம்மா அக்கா, கன்னத்தில் போட்டுக்கொண்டே. "வசந்தா இருந்தா பூரிச்சுப் போயிருக்கும்."

நித்யா டம்ளர்களோடு வந்து நின்றாள். "அப்பா, பால் எங்கிருந்து வருது?"

"மிசினுலருந்துதான்."

"மிசினுக்குள்ள தண்ணிதானப்பா இருக்கணும்."

"மொதல்ல பால். அப்பறம் தண்ணி. அம்மா இப்படித்தான் செய்யும்."

பொங்கியதோடு நான் நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. ஆனால் நாலு பேர் முன்னால் மோட்டார் ஓடி, தண்ணீரும் வந்துவிட்டால், எங்கள் தொழிலில் யாரும் உடனே ஆஃப் செய்வதில்லை. வீட்டில் இருந்த சிக்கரி கலந்த காபித்தூளை எடுத்துக் கைப்பிடிக் கிண்ணத்தில் கொட்டினேன். மாவு போல நைசான தூள். நன்றாக அழுத்தவேண்டும் என்று தாடிப் பையன்கள் சொல்லியிருந்தார்கள். சந்தனக்கல்லை மேலே வைத்து, என் முழு எடையையும் போட்டு அழுத்தினேன். கைப்பிடியை மாட்டித் திருகி, மறுபடி பட்டனைத் தட்டினேன்.

ஒன்றும் வரவில்லை. தண்ணீர் வற்றிய போரில் ஓடுகிற மோட்டார் ஒரு மாதிரி முனகும். கேட்டவுடன் ஓடிப்போய் ஸ்டார்ட்டரை இறக்கு என்று நானே எத்தனையோ விவசாயிகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அதே முனகல் என் மேஜையில் கேட்டது. அடிப்பிடித்த பால் வாசனையும் வந்தது.

"மாமா, ஆஃப் பண்ணிடலாமா?" என்றார் பிரவீண், பக்கத்தில் வந்து குனிந்தபடி.

"அடைச்சிருக்குங்க மாப்ள. கழட்டி மாட்டுனா சரியாப் போயிரும்" என்று சொல்லிக் கைப்பிடியைத் திருகினேன்.

ஐந்நூறு அடிக்கு மேல் ஏறவேண்டிய அழுத்தம் அல்லவா. ஏறியது. 'டப்' என்று ஒரு சத்தம். கைப்பிடி என் கையிலிருந்து கழன்று ஸ்டெபிலைசர்மேல் விழுந்தது. சிக்கரிச் சேறும் திரிந்த பாலும் ஹால் முழுக்க அடித்தது. கூரையில், மின்விசிறியில், சாமந்தி மாலையில், செல்லம்மா அக்காவின் புடவை முந்தானையில். பெரும்பங்கு மாப்பிள்ளைக்கு. காலர் முதல் முழங்கால்வரை ஒரே பழுப்பு. நல்லவேளை, யாருக்கும் சுடவில்லை. சூடெல்லாம் காற்றோடு போயிற்று.

மெஷின் கடைசியாக ஒரு தடவை இருமிவிட்டு ஓய்ந்தது. எனக்கு யார் முகத்தையும் பார்க்கத் துணிவில்லை. இனி இந்தப் பெண் இங்கே வரவே மாட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். மாப்பிள்ளை முன்னால், பக்கத்து வீட்டுக்காரர் முன்னால், இவ்வளவு பெரிய முட்டாள்தனம். ராத்திரி தங்க வைக்கப் பார்த்தவன், பகலில் வருவதையும் சேர்த்துக் கெடுத்துக்கொண்டேன்.

நித்யா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வசந்தாவின் படத்துக் கண்ணாடியில் சரியாக உதட்டுக்கு மேல் காபி தெறித்து, மீசைபோல ஒரு கோடு. அதிலிருந்து ஒரு சொட்டு மெதுவாக முகவாய்க்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"அம்மாதான் மொதல்ல குடிச்சிருக்கு" என்றாள் நித்யா.

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். தரையில் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தாள். "அதுகூட வாயத் தொடைக்காம நிக்குது பாரு" என்று செல்லம்மா அக்கா வேறு எடுத்துக் கொடுத்தது. மாப்பிள்ளையும் சிரித்துவிட்டார். வசந்தா போன பிறகு அந்த ஹாலில் கேட்ட முதல் சிரிப்பு அது. நான் அப்போது சிரிக்கவில்லை. என் நெற்றியிலிருந்தும் ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு எல்லாரும் வேலையில் இறங்கினோம். செல்லம்மா அக்கா மாப்பிள்ளையின் சட்டை பேன்ட்டைப் பிடுங்காத குறையாக வாங்கித் துவைத்துக் கொடியில் போட்டது. அவருக்கு என் லுங்கியும் பனியனும். (ஆறடி மனிதர். என் பனியன் அவர் தொப்புளோடு நின்றுவிட்டது.) நித்யா நாற்காலிமேல் ஏறி மின்விசிறியைத் துடைத்தாள். நான் கூரையை. பிரவீண் என் கடை ஸ்பேனர்களை வைத்து மெஷினைப் பிரித்தார். உள்ளே ஒரு குழாயில் பால்கோவா மாதிரி ஒன்று இறுகிக் கிடந்தது. அதைக் குச்சியால் குத்தி எடுத்துக்கொண்டே அவர் சொன்னார்: "மாமா, நான் டீதான் மாமா குடிப்பேன். அவகூட வாரத்துல ரெண்டு நாளுதான் காபி."

"அப்ப தலவலி?"

அவர் குழாயை இன்னும் வேகமாகக் குத்தினார்.

எல்லாம் முடித்து நிமிர்ந்தபோது வெளியே இருட்டியிருந்தது. மணி ஏழரை. கொடியில் பேன்ட் சொட்டச் சொட்டத் தொங்கியது. லுங்கியோடு பெங்களூர்வரை காரோட்ட மாப்பிள்ளைக்கு வெட்கம். "நாளைக்குப் போலாம்" என்று அவர்தான் சொன்னார். இருபது பார் காபி செய்யமுடியாததை ஈரப் பேன்ட் செய்தது.

நித்யா கடிகாரத்தையே பார்த்தாள்.

"ஆறு மணி போயிடுச்சாப்பா?"

"அது எப்பவோ போயிருச்சும்மா."

"தெரியவே இல்ல" என்றாள். துணியைப் பிழிந்து வாளியில் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "எனக்குத் தலவலியெல்லாம் இல்லப்பா. ஆறு மணிக்கு அம்மா லைட்டப் போட்டுட்டு இந்த மேசமேல மூணு டீ டம்ளரையும் டங்கு டங்குன்னு வெக்கும்ல. அந்தச் சத்தம் வராத ஆறு மணிக்கு என்னால இங்க உக்கார முடியல. அதான் நாலுக்கே ஓடிர்றேன்."

ஒரே ஆறு மணிக்குப் பயந்து அவள் பெங்களூருக்கு ஓடியிருக்கிறாள், நான் முனுசாமி கடைக்கு ஓடியிருக்கிறேன். இருவரும் ஒருவருக்கொருவர் காபி, தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

"நானும் ஆறுக்கு வூட்டுல இருக்கறதில்லம்மா" என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும்ப்பா. நான் போன் பண்ணா எப்பவும் டீக்கட சத்தம்தான் கேக்குது."

மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது ஹாலில் பாயில் இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் கால் பாயைத் தாண்டி மெஷின் பெட்டியில் முட்டிக்கொண்டிருந்தது. சத்தம் போடாமல் போய் முனுசாமி கடையில் மூன்று டீ பார்சல் வாங்கிவந்தேன். "என்னாங்கண்ணா, இன்னைக்கு டீ மூணு, பேச்சு ஒன்னுகூட இல்ல" என்றார் முனுசாமி.

மெஷின் முழுசாகப் பிழைக்கவில்லை. தண்ணீர் ஊற்றினால் அது இன்னும் தயிர் வாசனையோடு வெந்நீர் தருகிறது. மேஜையில் அப்படியே இருக்கிறது, கைப்பிடிக் கிண்ணத்தில் வீட்டுச் சாவியைப் போட்டு வைக்கிறேன். கூரையில் ஒரு கறை மட்டும் எத்தனை துடைத்தும் போகவில்லை. அதற்குக் கீழே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். தாடிப் பையன்கள் இப்போதும் செல்போனில் வருகிறார்கள்.

நித்யாவும் மாப்பிள்ளையும் தங்கிப் போகிறார்கள், எப்போதாவது. மற்ற நாட்களில் ஆறு மணிக்கு அவள் போன் செய்கிறாள். நானும் அந்த நேரத்தில் வீட்டில் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். சில நாள் முடிகிறது. சில நாள் செருப்பை மாட்டிவிடுகிறேன். வீட்டுக்குப் புதிதாக எதையாவது வாங்கிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டால் போதும், மாப்பிள்ளையும், பெங்களூரில் அவருடைய அம்மாவும்கூட ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: "பால் பொங்குச்சா?" டார்ச் லைட் வாங்கினாலும் அதே கேள்விதான்.

போன வாரம் ஒரு அயர்ன் பாக்ஸ் வாங்கினேன். கசங்கிய சட்டையோடு கடைக்குப் போகிறவனுக்கு அது எதற்கு என்று கேட்காதீர்கள். படத்தைக் குழுவில் போட்டுவிட்டு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிக்குப் போன் அடித்தது.

"அப்பா, பால் பொங்குச்சா?"

"இன்னும் பெட்டியே பிரிக்கலம்மா" என்றேன். "நீ வந்தப்பறம்தான்."